மழைக்கால இயந்திரங்கள்: உள்ளாட்சி வாங்கி வைப்பதா, வாடகைக்குப் பேசி வைப்பதா?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒவ்வோர் உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரு கோப்பு நகரத் தொடங்கும். நீர் இறைக்கும் பம்ப், ஜெனரேட்டர், மரம் அறுக்கும் மெஷின், மண் மூடை, ஜேசிபி. இவற்றைச் சொந்தமாக வாங்குவதா, ஒப்பந்த வாடகைக்குப் பேசி வைப்பதா, பக்கத்து ஊராட்சிகளோடு சேர்ந்து பொதுவில் வைத்துக்கொள்வதா, இல்லை வழக்கம்போல அன்றைக்குப் பார்த்துக்கொள்வதா? மதுரை மாவட்டத்தில் 420 கிராம ஊராட்சிகள், 9 பேரூராட்சிகள், 3 நகராட்சிகள், ஒரு மாநகராட்சி. எல்லாவற்றுக்கும் ஒரே விடை கிடையாது. ஆனால் பெரும்பாலான கோப்புகள் ஒரே இடத்தில்தான் தடம் மாறுகின்றன: எது மலிவு என்று பார்க்கப் போய்விடுகிறார்கள்.

மலிவு என்றால் சந்தேகமே இல்லாமல் வாடகைதான். ஒரு பம்பின் விலை இருநூறு நாள் வாடகைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆறு நாள் ஓடினால் முதல் திரும்ப முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் பம்ப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆகவே காசைக் கணக்குப் பார்த்து வாங்க நியாயமே இல்லை. வாங்குவதற்கு உள்ள ஒரே நியாயம் நேரம். தண்ணீர் ஏறத் தொடங்கி எத்தனை மணி நேரத்துக்குள் அந்தப் பொருள் சம்பவ இடத்தில் ஓட வேண்டும், அதற்குள் வெளியிலிருந்து அது வந்து சேருமா என்பதுதான் கேட்க வேண்டியது.

மதுரைப் பக்கம் வெள்ளம் மூன்று விதமாக வருகிறது. மூன்றும் கொடுக்கும் அவகாசம் வேறு வேறு.

முதலாவது வைகை. அணையின் முழு மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று வைகைக் கரையோர மாவட்டங்கள் ஐந்துக்கும் தகவல் வரும். திறந்த நீர் மதுரைத் தரைப்பாலங்களை எட்டவும் பல மணி நேரம் பிடிக்கும். இதற்கு வாடகை ஏற்பாடே போதும். போன் பண்ணி வரவழைக்க அவகாசம் இருக்கிறது. சோழவந்தான் போன்ற கரையோரப் பேரூராட்சிகளுக்கு வைகையை வைத்து மட்டும் இயந்திரம் வாங்கும் தேவை இல்லை.

இரண்டாவது, அக்டோபரில் பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை. 2024 அக்டோபர் 25 அன்று செல்லூர்ப் பக்கம் தெருக்களில் தண்ணீர் நின்றது இப்படி ஒரு பிற்பகல் மழையில்தான். பந்தல்குடி கால்வாய் கொள்ளவில்லை. இந்த மழைக்கு எந்த அணையும் மட்டம் காட்டி எச்சரிக்காது. நான்கு மணிக்கு மழை, ஆறு மணிக்கு முழங்கால் அளவு தண்ணீர், எட்டு மணிக்கு வாடகைக்காரருக்குப் போன், மறுநாள் காலை பம்ப். அந்த இரவு முழுக்க வீட்டுக்குள் தண்ணீர்.

மூன்றாவது கண்மாய் உடைப்பு. பெரும்பாலும் இரவில், கரையில் ஆள் இல்லாத நேரத்தில். கசிவு கண்ணில் பட்டதிலிருந்து கரை அறுத்துக்கொண்டு போகும் வரை சில மணி நேரம்தான். சில சமயம் அதுவும் இல்லை. இதற்கு வெளியூர் உதவி எதுவும் பயன்படாது. கையில் இருக்கும் மூடை, மண், ஆள்தான்.

ஆக, கொட்டு மழைக்கும் உடைப்புக்கும் வேண்டியது சொந்தமாக இருக்க வேண்டும். ஆற்றுக்கு வேண்டியதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகப் பார்க்கலாம்.

பம்ப்

கடைக்காரர் குதிரைத்திறன் சொல்வார். கேட்க வேண்டியது வினாடிக்கு எத்தனை லிட்டர் என்று. இரண்டு ஹெக்டேர் பரப்புள்ள தாழ்வான குடியிருப்பில் ஓர் அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 6,000 கன மீட்டர், அதாவது 60 லட்சம் லிட்டர். மூன்று அங்குல வாய் உள்ள 5 எச்.பி. டீசல் பம்ப் வினாடிக்கு 12 முதல் 15 லிட்டர் தள்ளும். நூறு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். ஆறு அங்குல டிராலி பம்ப் வினாடிக்கு 50 லிட்டர் அளவில் தள்ளும். 33 மணி நேரம். இதுவும் மேலும் மழை பெய்யாமல் இருந்தால். சின்ன பம்ப் ஐந்தாறு வாங்கி ஒரே இடத்தில் வரிசையாக வைப்பதைவிட ஒரு பெரிய பம்ப் நல்லது. ஆறு தனித்தனி வீதிகளில் வேலை என்றால் கதை மாறும்.

இதைவிட முக்கியமானது ஓஸின் அந்த முனை எங்கே விழுகிறது என்பது. நிரம்பி ஓடும் அதே சாக்கடையில் விட்டால் முக்கில் சுற்றிக்கொண்டு திரும்பி வரும், டீசல்தான் செலவாகும். வெளியேற்றும் இடம் மேட்டைத் தாண்டி, வேறு வடிகாலிலோ ஓடையிலோ இருக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் கோடைக்காலத்திலேயே டேப் பிடித்து அளந்து, அதற்கு ஏற்ற நீளத்துக்கு டெலிவரி ஓஸ் வாங்க வேண்டும். பம்ப் இருந்தும் ஓஸ் எட்டாமல் நின்றுவிடுவதுதான் சொந்த பம்ப் வைத்திருக்கும் இடங்களில் அடிக்கடி நடப்பது. ரோட்டைக் கடக்கும் இடத்தில் ஓஸின் இரு புறமும் பலகையோ மண் மூடையோ வைத்து மேடு கட்டாவிட்டால் முதல் லாரியிலேயே ஓஸ் வெடித்துவிடும்.

உறிஞ்சும் பக்கத்தில் கோளாறுகள் மூன்று. உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் பாலித்தீன் பை போய் அடைத்துக்கொள்ளும். அதற்கு மூங்கில் கூடையோ, பக்கமெல்லாம் ஓட்டை போட்ட டிரம்மோ வைத்து அதற்குள் ஃபுட் வால்வை இறக்க வேண்டும்; அரை மணிக்கு ஒரு முறை ஓர் ஆள் குப்பையை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு, இணைப்பில் காற்று இழுப்பது. கிளாம்ப் தளர்ந்திருந்தால் மோட்டார் சத்தம் மட்டும் வரும், தண்ணீர் வராது. பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றினால் அன்றைய பொழுது ஓடும். மூன்று, தண்ணீர் குறையக் குறைய ஃபுட் வால்வுக்கு மேல் ஓர் அடிகூட நீர் இல்லாமல் போய்ச் சுழி விழுந்து காற்று ஏறுவது. ஓடும் இடத்தில் முன்கூட்டியே மூன்றடிக் குழி ஒன்று சிமெண்டில் கட்டி, மூடி போட்டு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பம்பை நீர்மட்டத்திலிருந்து ஆறு மீட்டருக்கு மேல் உயரத்தில் வைத்தால் எந்தக் கம்பெனி பம்பும் சரியாக இழுக்காது.

மின்சார நீர்மூழ்கி மோட்டார் விலை குறைவு, பராமரிப்பும் எளிது என்று சொல்லி விற்பார்கள். உண்மைதான். ஆனால் தண்ணீர் தேங்கிய தெருவில் மின்வாரியம் முதலில் செய்வது சப்ளையை நிறுத்துவது. சுரங்கப்பாதை மாதிரி, தனி ஜெனரேட்டரோடு நிலையாக அமைக்கும் இடத்துக்கே இது சரி.

சொந்தத்துக்கும் வாடகைக்கும் நடுவே கிராம ஊராட்சிக்கு மிகப் பொருத்தமான வழி ஒன்று இருக்கிறது. கோப்புகளில் அது அபூர்வமாகவே வருகிறது. டிராக்டரின் பின் தண்டில் மாட்டி ஓட்டும் பி.டி.ஓ. பம்ப். இன்ஜின் இல்லாததால் டிராலி பம்பைவிட விலை வெகுவாகக் குறைவு. பழுதாவதற்கு இன்ஜினும் இல்லை, பேட்டரியும் இல்லை. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் டிராக்டர் இல்லாத ஊர் இல்லை. டிராக்டர்காரருக்கு மணிக் கூலி பேசிக்கொண்டு, பம்பையும் ஓஸையும் மட்டும் ஊராட்சி வாங்கி வைத்தால் சொந்தமும் வாடகையும் கலந்த ஏற்பாடு ஆகிவிடும். சேற்றில் இழுத்துக்கொண்டு போகவும் டிராக்டரே போதும். ஒரே எச்சரிக்கை: நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் அந்தத் தண்டுக்குப் பிளாஸ்டிக் உறை இல்லாமல் ஓட்டவே கூடாது. வேட்டி நுனியோ தோள் துண்டோ பட்டால் ஆளையே சுருட்டி இழுத்துவிடும். மழையில் அவசரத்தில் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டுவார்கள். பொறுப்பில் இருப்பவர் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

ஆண்டுதோறும் ஒரே இடத்தில் தண்ணீர் நிற்கும் நகராட்சிக்கும் பெரிய பேரூராட்சிக்கும் ஒரு டிராலி பம்ப் சொந்தமாக இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டியது வாடகை. சொந்தமாக வாங்கினால் மாதம் ஒருநாள், அரை மணி நேரம் தண்ணீர் இழுத்து ஓட்டியே ஆக வேண்டும். சும்மா ஸ்டார்ட் செய்து நிறுத்துவது கணக்கில் வராது. நிறுத்தியே வைத்தால் பேட்டரி இறங்கும், சீல் காயும், டேங்க் அடியில் தண்ணீர் படியும், எலி ஒயரைக் கடிக்கும். ஜனவரியில் மூடி வைத்து அக்டோபரில் திறந்தால் கிளம்பாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

மண் மூடை

இதில் விவாதமே இல்லை, சொந்தம்தான். மலிவு, ஊரிலேயே கிடைக்கும், முதல் மணி நேரத்தில் வேண்டும். விஷயம் அளவில் இருக்கிறது. பத்து மீட்டர் நீளத்துக்கு இரண்டடி உயரம் அடைக்க வேண்டுமானால் அடிப்பக்கம் ஆறடி அகலம் வைத்து மேலே குறுக்கிக்கொண்டு வர வேண்டும்; 30 கிலோ மூடையாக 330 வரை ஆகும். இரண்டு பேர் சேர்ந்து மணிக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை நிரப்பலாம். அலுவலக மூலையில் இருக்கும் ஐம்பது சாக்கு போட்டோவுக்குத்தான் ஆகும்.

நிரப்பி அடுக்கி வெயிலில் வைப்பது வீண் வேலை. பாலித்தீன் இழைச் சாக்கு ஒரு கோடை வெயிலிலேயே நொறுங்கும். தூக்கினால் அடி பிய்த்துக்கொள்ளும். காலிச் சாக்கு ஆயிரம், கட்டுக் கயிறு, மண்வெட்டி, இரும்புச் சட்டி ஆகியவற்றை உள்ளே வைத்து, கரைக்குப் பக்கத்தில் சவுடு மண் ஒரு டிப்பர் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடி வைக்க வேண்டும். மூடாத மண் நனைந்தால் மண்வெட்டி இறங்காது. கரைக்கு ஆற்று மணலைவிடக் களி கலந்த சவுடே நல்லது, தண்ணீரை விடாது. மூடையை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பினால் உருண்டையாகி இடைவெளி விழும். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, வாயை மடக்கிக் கீழே அமுக்கி, மேல் வரிசை இரண்டு மூடைக்கு நடுவில் உட்காரும்படி வைத்தால்தான் படிந்து நிற்கும். கரையின் வெளிப்பக்க அடியில் ஊற்றுக் கிளம்பினால் அதன் வாயை அடைக்கக் கூடாது. சுற்றி வட்டமாக மூடை அடுக்கி, உள்ளே தண்ணீர் ஓரளவு ஏறி நிற்க விட வேண்டும். வரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பொறுக்கலாம். கலங்கி மண்ணோடு வந்தால் கீழே உள்ள வீடுகளைக் காலி செய்யச் சொல்ல வேண்டிய நேரம்.

கண்மாய் யாருடையது என்பதையும் முன்பே தெரிந்து வைக்க வேண்டும். ஆயக்கட்டு, அதாவது அது பாசனம் தரும் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை. குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். உடைப்பு அன்று யார் ஷட்டரைத் தூக்க வேண்டும் என்ற வாக்குவாதத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். உபரி நீர் வழியும் கலுங்கின் மேல் மூடை வைத்துத் தண்ணீரைக் கூடுதலாகத் தேக்கும் பழக்கம் இருக்கும் ஊரில், அந்த மூடைகளை எடுத்துப் போடுவதே முதல் வெள்ளத் தடுப்புப் பணி. ஆயக்கட்டுக்காரர்களுக்குக் கோபம் வரும்தான்.

ஜேசிபி, டிப்பர்

சொந்தமாக வாங்க எந்த ஊராட்சிக்கும் காரணம் இல்லை. ஒப்பந்த வாடகையே சரி. ஆனால் ஒப்பந்தக் காகிதம் இருப்பதாலேயே வண்டி வந்துவிடும் என்று இருக்க முடியாது. ஒரே உரிமையாளர் நான்கு ஊராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் கையெழுத்துப் போட்டிருப்பார். மழை நாலு பேருக்கும் ஒரே இரவில் பெய்யும். வேறு யாருக்கெல்லாம் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று எழுதி வாங்க வேண்டும். இரண்டாவது ஆள் ஒருவரையும் பேசி வைக்க வேண்டும். இன்னொரு சிக்கல் சட்டத்திலேயே இருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, 65-வது பிரிவின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையமோ அது அதிகாரம் அளித்த அலுவலரோ மீட்புப் பணிக்கு எந்த வண்டியையும் கையகப்படுத்தலாம். உங்கள் ஒப்பந்த ஜேசிபி அதிகப் பாதிப்புள்ள இன்னோர் ஊருக்குப் போய்விட்டால் கேள்வி கேட்க முடியாது. 66-வது பிரிவின்படி இழப்பீடு உரிமையாளருக்குக் கிடைக்கும், உங்களுக்கு வண்டி கிடைக்காது. பெரிய வெள்ளத்தில் வாடகைச் சந்தையே வற்றிவிடும் என்பதற்கு 2023 டிசம்பரை நினைத்துக்கொண்டால் போதும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை, தூத்துக்குடிக்குப் பல ஊர்களிலிருந்து பம்புகள் திருப்பிவிடப்பட்டன. அப்படி ஒரு நாளில் மதுரையில் வாடகைக்குக் கேட்டால் யார் தருவார்?

ஜெனரேட்டர்

2018 கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் மின்கம்பங்கள் சாய்ந்தபோது குடிநீர்த் தொட்டிகளை நிரப்ப ஜெனரேட்டருக்கு ஊர் ஊராக அலைந்தார்கள். இது வெள்ளம் வடிந்த பிறகு வரும் தேவை. ஒருநாள் அவகாசம் உண்டு. அதனால் ஒன்றிய அளவில் பொதுவாக வைக்க இதுவே ஏற்ற பொருள். 7.5 எச்.பி. ஆழ்குழாய் மோட்டாரைக் கிளப்ப 15 முதல் 20 கே.வி.ஏ. வேண்டும். வினாடிக்கு 4 லிட்டர் ஏற்றும் மோட்டார் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை இரண்டு மணி நேரத்தில் நிரப்பும். டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிச் சுற்றினால் ஒரு ஜெனரேட்டர் ஒரு நாளில் நான்கு தொட்டியைப் பார்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு மோட்டார் அறையிலும், மின்வாரிய லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சும், ஜெனரேட்டர் கேபிள் மாட்ட ஒரு சாக்கெட்டும் கோடையிலேயே பொருத்திவிட வேண்டும். இது இல்லாமல் நேரடியாக ஒயரைச் செருகினால் மின்சாரம் லைனில் திரும்பிப் போகும். எங்கோ கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிர் போகும். கேபிள் மாட்டியதும் தண்ணீர் வழக்கத்தைவிடக் குறைவாக வந்தால் பேஸ் மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. இரண்டு ஒயரை மாற்றிப் போட வேண்டும். தொட்டி இயக்குபவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகாது.

மரம் அறுக்கும் மெஷின் சொந்தமாக இரண்டு, உபரிச் சங்கிலியோடு. பெட்ரோலில் ஆயில் கலந்து டேங்கிலேயே மாதக்கணக்கில் விட்டால் கார்புரேட்டர் அடைத்துவிடும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்ய வேண்டும். படகு வாங்கக் கூடாது. ஓட்டப் பழகிய ஆள் இல்லாத படகு ஆபத்து. அது தீயணைப்பு மீட்புத் துறையின் வேலை. தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வர வேண்டும். சாலை வழியே ஒரு பகலோ ஓர் இரவோ பிடிக்கும். அதுவரைக்கும் கயிறு, மிதவைச் சட்டை, லாரி டியூப் ஊரில் இருக்கட்டும்.

கூட்டாக வைத்துக்கொள்வது எந்த மழைக்கு உதவும்?

அக்டோபர் இடிமழை மேலூரில் கொட்டும்போது உசிலம்பட்டியில் வெயில் அடிக்கும். அப்போது கூட்டு ஏற்பாடு மிக நன்றாக வேலை செய்யும். ஓர் ஒன்றியத்தில் ஐந்து ஊராட்சிக்கு ஒரு டிராலி பம்ப் என்றால் யாருக்கும் பாரம் இல்லை. நவம்பரில் புயல் சின்னம் வந்து மாவட்டம் முழுக்க மூன்று நாள் பெய்தால் அதே ஏற்பாடு சண்டையில் முடியும். எனவே யாருக்கு முதலில் என்பதைச் செப்டம்பரிலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்: ஆரம்ப சுகாதார நிலையம், துணை மின் நிலையம், குடிநீர் மோட்டார் அறை, அப்புறம் வீடுகள், கடைசியில் வயலும் கடைத்தெருவும். பம்ப் நிற்கும் கொட்டகையின் சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவராக இருப்பது நல்லது.

அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள்

நம்பிக் கையில் எடுப்பது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 50-வது பிரிவு. அவசரக் கொள்முதலுக்கு டெண்டர் தேவையில்லை, பொறுப்பு அலுவலர் சான்றிதழே வவுச்சர் என்கிறது அது. ஆனால் அந்த அனுமதியைத் தருவது தேசிய, மாநில அல்லது மாவட்ட ஆணையம். ஊராட்சி தானாக அவசரம் என்று எழுதிக்கொண்டு வாங்கினால் தணிக்கையில் நிற்காது. ஆட்சியர் அலுவலகத்தின் எழுத்து ஆணையோ, பின்னால் வரும் உறுதிக் கடிதமோ கோப்பில் இருக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்குப் போன் செய்த நேரத்தையும் எடுத்தவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி வைப்பது இதற்காகவும்தான். அதே சட்டத்தின் 41-வது பிரிவு, சாதனங்களை எந்நேரமும் பயன்படுத்தும் நிலையில் வைப்பது உள்ளாட்சியின் கடமை என்று சொல்லியிருக்கிறது. முன்னேற்பாடே இல்லாமல் இருந்துவிட்டு 50-ஐ மட்டும் காட்டினால் எடுபடாது.

வாடகை ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்கட்டும்: அழைத்த எத்தனை மணி நேரத்தில் வண்டி வரும்; டீசல் யார் பொறுப்பு; ஓட்டுநருக்கும் மாற்று ஓட்டுநருக்கும் தனித்தனி போன் எண்; ஹவர் மீட்டர் அளவைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் யார் குறிப்பது. இன்னொன்றும் உண்டு: காத்திருப்புக் கூலி. சிவப்பு எச்சரிக்கை நாளில் வண்டியை ஊர் எல்லையில் நிறுத்தி வைத்தால், மழை பெய்யாவிட்டாலும் பாதி நாள் கூலி. ஓடாத வண்டிக்கு ஏன் பணம் என்று கேட்பார்கள். மன்றத் தீர்மானத்திலும் ஒப்பந்தத்திலும் முன்பே எழுதியிருந்தால் பதில் சொல்லிவிடலாம். எழுதாமல் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். பெரிய பம்ப் மணிக்கு நான்கு லிட்டர் டீசல் குடிக்கும். 33 மணி நேரத்துக்கு 130 லிட்டர். பங்க் இருக்கும் ரோட்டிலும் தண்ணீர் நிற்கலாம் என்பதால் முதல் நாளைக்கு வேண்டியதைக் கேனில் வாங்கி, தண்ணீர் ஏறாத மேட்டில், பம்புக்குத் தள்ளி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதி வாங்கியும் வண்டி வருமா என்பது பெரும்பாலும் போன வருட பில்லைப் பொறுத்தது. மழை முடிந்து பொங்கலுக்குள் பணம் கைக்கு வந்த உரிமையாளர் நள்ளிரவிலும் போனை எடுப்பார். ஆறு மாதம் அலையவிட்ட அலுவலகத்தின் எண்ணைப் பார்த்தால் அடுத்த அக்டோபரில் அந்தப் போன் அடித்துக்கொண்டே இருக்கும். மீட்டர் குறிப்புத் தாளில் அன்றன்றைக்கே இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, வாரத்துக்கு ஒரு முறை பில்லை வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் பொங்கலுக்குள் பணம் கொடுத்துவிடலாம்.